டம்பாச்சாரியின் முதல் கால்

ஒரு காட்டில் கோடை முழுவதும் வற்றாத மடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மற்ற ஓடைகள் எல்லாம் பங்குனி பிறப்பதற்குள் மணலாகிவிடும். அதனால் காட்டில் இருந்த மிருகங்கள் எல்லாம் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை அந்த மடுவுக்குத்தான் வந்தாக வேண்டும்.

மடு ஒரு பாறை மேட்டின் மேல் இருந்தது. அதன் ஒரு பக்கம் வழுவழுப்பான பாறைச் சரிவு. சரிவின் அடியில், மிருகங்கள் இறங்க முடியாத பள்ளத்தில் ஆறு. போன மழையில் ஆறு பொங்கி மடு வரைக்கும் ஏறி நின்றது. வெள்ளத்தோடு முதலை ஒன்றும் மேலே வந்தது. வெள்ளம் வடிந்தது, முதலை வடியவில்லை. மடுவிலேயே தங்கிவிட்டது.

தை மாதத்தில் ஒரு காட்டுப்பன்றிக் குட்டி தண்ணீர் குடிக்கப் போனது. திரும்பி வரவில்லை. அதன் தாய் மூன்று நாள் கரையிலேயே நின்றது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் ஏற்பட்டது. மடுவுக்கு ஒரு காவல் போட்டார்கள். காவல் இருப்பவர் முதலில் தண்ணீரில் இறங்க வேண்டும். கால் மறையும் ஆழம் வரை நடந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, "வரலாம்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் வாய் வைக்கலாம். இதற்கு 'முதல் கால்' என்று பெயர்.

காவல் இருந்தது ஓர் ஆட்காட்டிக் குருவி. மஞ்சள் நிறத்தில் நீளக் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாகக் கொஞ்சம் தோல், ஓயாத கவலை. இவ்வளவுதான் அந்தக் குருவி. முதல் காலை அது ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனால் எதைப் பார்த்தாலும் கத்தும். இலை மிதந்தால் கத்தும். மேகத்தின் நிழல் தண்ணீரில் விழுந்தால் கத்தும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கத்தினால் ஒன்பது தடவை அங்கே ஒன்றும் இருக்காது. பத்தாவது தடவை முதலை இருக்கும்.

மிருகங்கள் அந்த ஒன்பதைத்தான் ஞாபகம் வைத்துக்கொண்டன.

கடமானுக்குத்தான் ரொம்ப எரிச்சல். கடமான் அந்தக் காட்டுக்குத் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கொம்பு பெரிதாக இருந்ததால் எல்லாரும் வழிவிட்டார்கள், நாளடைவில் அதுவே பதவியாகிவிட்டது. கடமானுக்கு வேண்டியது ஒன்றுதான், தொந்தரவு இருக்கக் கூடாது. தண்ணீரில் வாய் வைத்தால் பாதியில் தலையைத் தூக்க வைக்கிறாளே என்று அது தினமும் புலம்பியது. மத்தியானத் தூக்கமும் போயிற்று என்று முயல் ஒத்துப் பாடியது. முள்ளம்பன்றி எதையும் கேலி செய்யும். "நம் ஆட்காட்டி கனவில்கூடக் கத்துகிறாள், கனவிலும் இலைதான் மிதக்கும் போல" என்றது.

அந்த வருடம் மேற்குமலையிலிருந்து புதிதாக ஒரு கரடி வந்து சேர்ந்திருந்தது. வந்த முதல் நாளே மருத மரத்தடியில் உட்கார்ந்து தன் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தது, ஒரு வாரம் ஆகியும் முடிக்கவில்லை. தன்னைப் பார்த்துப் புலி பாதையை மாற்றிக்கொண்டதாம். தான் தும்மியதில் ஒரு தேன்கூடு தானாக விழுந்ததாம்.

காவலைப் பற்றிய புலம்பல் கரடியின் காதில் விழுந்தது. உடனே எழுந்து நின்று மார்பைத் தட்டியது.

"ஒரு முதலைக்கா இவ்வளவு? எங்கள் மலைச் சுனையில் பன்னிரண்டு முழ முதலை ஒன்று இருந்தது. வாலைப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றி எறிந்தேன். எங்கே போய் விழுந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்."

"சுனை என்பது ஒரு குடம் தண்ணீர்தானே மாமா" என்றது முள்ளம்பன்றி. "அதில் பன்னிரண்டு முழம் எப்படி இருந்தது?"

"சுருண்டு கிடந்தது" என்றது கரடி.

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நம்பவில்லை. ஆனால் கடமான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கரடியாரைப் போன்ற ஒருவர் காவல் இருந்தால் மடுக்கரை அமைதியாக இருக்கும் என்றது. அமைதி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாருக்கும் தூக்கம் வருவது போல இருந்தது. சரி என்றார்கள்.

ஆட்காட்டி பதறிப்போய் ஓடி வந்தது. அதற்கு வேறொரு கவலையும் இருந்தது. மடுக்கரைச் சரளையில் அது நான்கு முட்டை இட்டிருந்தது. முட்டை என்றால் மரத்தில் கூட்டுக்குள் இருக்கும் என்று நினைப்பீர்கள். ஆட்காட்டிக்குக் கூடு கிடையாது. வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டை கிடக்கும். மத்தியான வெயிலில் கல் சுடும். அப்போது தாய் தண்ணீருக்கு ஓடி, வயிற்றுச் சிறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்கார வேண்டும். காய்ந்ததும் மறுபடி ஓட வேண்டும். ஒரு நாள் விட்டுவிட்டால் முட்டைகள் உள்ளேயே வெந்துபோகும். அந்தக் கரையை விட்டு அதனால் எங்கும் போக முடியாது.

கடமான் தீர்ப்புச் சொன்னது. குஞ்சு பொரிக்கும் வரை ஆட்காட்டி கரையில் இருந்துகொள்ளலாம். ஆனால் கத்தக் கூடாது. கத்தினால் அன்றைக்கே கரையை விட்டுத் துரத்தப்படும்.

"கத்தவில்லை அண்ணா" என்றது ஆட்காட்டி. "முதல் காலை மட்டும் மறந்துவிடச் சொல்லாதீர்கள். இறங்கிப் பார்க்காமல் யாரையும் விடக் கூடாது."

கரடி சிரித்தது. தன் கால் தண்ணீரில் பட்டாலே முதலை கரையேறி மன்னிப்புக் கேட்கும் என்றது.

காவல் கிடைத்ததும் கரடிக்கு ஒரு பட்டப்பெயர் வேண்டும் என்று ஆசை வந்தது. சூரன், தீரன் என்பதெல்லாம் சின்னப் பெயர்களாம். வேறு யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டுமாம். அது மைனாவைக் கூப்பிட்டது.

மைனாதான் அந்தக் காட்டுக்குப் பாட்டுக்காரி. அத்திப்பழம் கொடுத்தால் யாரைப் பற்றியும் பாடும். கரடியிடம் அத்திமரம் ஒன்றும், அதை உலுக்க இரண்டு கையும் இருந்தன. மைனா ஒரு பழத்தைத் தின்றது, கண்ணை மூடி யோசித்தது, இன்னொரு பழத்தைத் தின்றது.

"டம்பாச்சாரி என்று வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. மிகப் பழைய பெயர். பெரிய பெரிய பாட்டுகளில் வரும்."

"பாட்டில் எந்த இடத்தில் வரும்?"

"கடைசியில். எல்லாப் பெருமையும் சொல்லி முடித்த பிறகு."

கரடிக்கு அது போதுமாக இருந்தது. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதற்குத் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒன்றும் இல்லை என்று எண்ணம்.

குழந்தைகளே, டம்பாச்சாரி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாயால் மலையைப் பெயர்ப்பவர், கையால் ஒரு துரும்பையும் எடுக்காதவர். இல்லாத பெருமையை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு நடப்பவர். இவருக்குத்தான் அந்தக் காலத்தில் டம்பாச்சாரி என்று பெயர். பழைய பாட்டுகளில் ஒரு முறை உண்டு. முதல் அடிகளில் ஒருவர் கடலைக் குடிப்பார், புலியைக் கட்டுவார். அடுத்த அடியில் அவர் குட்டு உடையும். கடைசி அடியில் இந்தச் சொல் வந்து விழும், கேட்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

காட்டில் எல்லாருக்கும் இது தெரியும். மைனா அந்தப் பெயரைச் சொன்னதும் முள்ளம்பன்றி சிரிப்பை அடக்கியதில் அதன் முள்ளெல்லாம் கலகலத்தது. முயல் காதால் முகத்தை மூடிக்கொண்டது. கடமான்கூட உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நின்றது. தனியாக வந்த பிறகு அது சொன்னது, பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது, அவர் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும், நம் காதுக்கு ஓய்வு கிடைத்தால் சரி என்று.

மறுநாள் காலையில் எல்லாரும் மடுவுக்கு வந்தார்கள். "வணக்கம் டம்பாச்சாரி" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். கரடி ஒவ்வொரு வணக்கத்துக்கும் ஒரு சுற்றுப் பெருத்தது. மைனா கிளையில் உட்கார்ந்து பாடியது.

மலையைத் தூக்கித் தோளில் வைப்பார்,
மழையை அதட்டி நிற்க வைப்பார்...

இந்த இடத்தில் மைனா ஓர் அடியை அப்படியே விழுங்கிவிட்டு, "எங்கள் டம்பாச்சாரி" என்று முடித்தது.

பிறகு கரடி தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முதல் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தது. மேற்குமலையில் தன் பிறப்பில் தொடங்கி, புலி பாதை மாறியது, தேன்கூடு விழுந்தது எல்லாம் சொல்லி, சுனைக்கு வந்தது. வெயில் ஏறியது. கன்றுகள் தாகத்தில் முனகின. முயல் நாக்கைத் தொங்கப் போட்டது. கரடி முதலையின் வாலைப் பிடித்து இரண்டாவது சுற்றுச் சுற்றும்போது யாராலும் பொறுக்க முடியவில்லை. இரண்டு புள்ளிமான்கள் கரடியைச் சுற்றிக்கொண்டு தண்ணீரில் வாய் வைத்தன. அதைப் பார்த்து மற்ற எல்லாரும் திமுதிமுவென்று இறங்கினார்கள். குடித்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

கரடி தன் காலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது. அதில் ஈரமே படவில்லை. மாலையிலும் அப்படித்தான். அடுத்த நாளும் அப்படித்தான்.

காவல் நன்றாக இருக்கிறது என்று கடமான் எல்லாரிடமும் சொன்னது. மத்தியானத்தில் நிம்மதியாகத் தூங்க முடிகிறதாம். ஆட்காட்டி ஒன்றும் பேசாமல் முட்டையின் மேல் உட்கார்ந்திருந்தது. கத்த வேண்டும் போல வரும்போதெல்லாம் ஒரு கூழாங்கல்லை அலகால் கவ்விக்கொண்டது.

இப்போது முதலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரடியின் பேச்சு தண்ணீருக்கு அடியிலும் கேட்டது. முதல் நாள் முதலைக்கு நிஜமாகவே பயம் பிடித்துவிட்டது. தன் இனத்தில் யாரையோ வாலைப் பிடித்துச் சுற்றியிருக்கிறானே என்று மடுவின் அடி ஆழத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று நாள் அசையவில்லை. நான்காம் நாள் பசி எடுத்தது. மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தது. ஒருவரும் வந்து வாலைப் பிடிக்கவில்லை. ஐந்தாம் நாள் கண்ணையும் நீட்டியது. ஆறாம் நாள் முதுகு முழுவதும் தெரியும்படி மிதந்தது.

ஆறாம் நாள் கரடி அதைப் பார்த்துவிட்டது. பார்த்ததும் வேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"அங்கே என்ன மாமா, மடு நடுவில்?" என்று முயல் கேட்டது.

"கட்டை" என்றது கரடி. சொல்லிவிட்டு, எட்டடி தள்ளி மேட்டில் போய் நின்றுகொண்டு பேச்சைத் தொடர்ந்தது. அன்றைக்குச் சுனை முதலை பதினெட்டு முழமாக வளர்ந்திருந்தது.

அந்தக் காட்டில் கரடியின் பேச்சைச் சோதித்துப் பார்த்தது முதலை மட்டும்தான்.

அதன் பிறகு முதலை அவசரப்படவில்லை. ஒரே இடத்தில் இருந்து கவனித்தது. பேச்சு சுனைக்கு வரும்போது எல்லாத் தலையும் கரடியைப் பார்த்துத் திரும்புகிறது. வாலைப் பிடித்துச் சுற்றும்போது எல்லாரும் வழக்கப்படி "ஆகா" என்கிறார்கள். சீக்கிரம் முடிக்கட்டும் என்பதற்காகச் சொல்லும் ஆகா அது. முதலைக்கு அது வேறு விதத்தில் பயன்பட்டது. அந்த நேரத்தில் தண்ணீரை ஒருவரும் பார்ப்பதில்லை.

பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது ஆட்காட்டியின் நான்கு முட்டையும் பொரிந்தன. ஆட்காட்டிக் குஞ்சுகள் மற்றக் குஞ்சுகளைப் போல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்காது. இறகு காய்ந்த உடனே ஓட ஆரம்பிக்கும். நான்கும் நேராகத் தண்ணீருக்குத்தான் ஓடின. தாய் பின்னாலேயே ஓடியது.

அவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தாய் ஆபத்துக் குரல் கொடுத்தால் குஞ்சுகள் ஓடாது. எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்துவிடும். மறுபடி தாய் மெதுவான குரலில் கூப்பிடும் வரை எழுந்திருக்காது.

அன்று காலை கூட்டம் வழக்கம் போல வந்தது. வணக்கங்கள் முடிந்தன, பாட்டு முடிந்தது, பேச்சு தொடங்கியது. தாகம் தாங்காமல் ஒரு சின்ன மான்கன்று முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றது. அதற்கு ஒரு சாண் தள்ளி, நீரின் ஓரத்தில், நான்கு குஞ்சுகளும் அலகை நனைத்துக்கொண்டிருந்தன.

"வாலைப் பிடித்தேன்" என்றது கரடி. சுனை முதலை அன்றைக்கு இருபத்துநான்கு முழம்.

"ஆகா" என்றார்கள் எல்லாரும்.

ஆட்காட்டி மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீருக்கடியில் ஒரு கறுப்புக் கோடு கன்றை நோக்கி வந்துகொண்டிருந்தது. கத்தினால் கன்று பிழைத்துக்கொள்ளும். ஆனால் கத்தினால் தன் குஞ்சுகள் முதலையின் வாய்க்கு நேராகப் படுத்துவிடும். கத்தாமல் குஞ்சுகளை மெதுவாகக் கூப்பிட்டுக்கொண்டு போய்விடலாம். அதற்கும் நேரம் இருந்தது.

ஆட்காட்டி கூழாங்கல்லைக் கீழே போட்டது. கத்தியது.

கூட்டம் முழுவதும் கோபத்தோடு அதைத் திரும்பிப் பார்த்தது. தண்ணீரை ஒருவரும் பார்க்கவில்லை. கன்றுக்கு மட்டும் வயது போதாது. ஆட்காட்டியின் குரலை அலட்சியம் செய்ய அது இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. ஒரே தாவாகப் பின்னால் தாவியது. முதலையின் வாய் வெறும் காற்றில் படீரென்று மூடியது.

பிறகு அங்கே யாரும் நிற்கவில்லை. மான்கள் ஒரு பக்கம், பன்றிகள் ஒரு பக்கம் ஓடின. கடமானின் கொம்பு ஒரு புதரில் மாட்டி, புதரோடு ஓடியது. முள்ளம்பன்றியும் முயலும் சரிவின் ஓரத்துப் பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டன. கரடி மருத மரத்தில் உச்சி வரைக்கும் ஏறி, கிளையைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டது.

நான்கு குஞ்சுகளும் நீரின் ஓரத்தில் அசையாமல் படுத்திருந்தன. முதலை பாதி உடம்போடு கரையேறி அவற்றுக்கு மேலே நின்றது. இன்னும் ஓர் அடி வைத்தால் நான்கும் அதன் வயிற்றுக்கு அடியில் நசுங்கும்.

அப்போது ஆட்காட்டி முதலையின் மூக்குக்கு முன்னால் வந்து தொப்பென்று விழுந்தது. ஒரு சிறகை விரித்துத் தரையில் இழுத்தது. எழுந்து இரண்டடி நொண்டி, மறுபடி விழுந்தது. பார்த்தால் யாரும் சிறகு ஒடிந்த பறவை என்றுதான் சொல்வார்கள்.

முதலைக்குப் பன்னிரண்டு நாள் பசி. கைக்கு எட்டிய கன்று போன ஆத்திரம் வேறு. அது பக்கவாட்டில் திரும்பிப் பாய்ந்தது. ஆட்காட்டி ஒரு முழம் தள்ளி விழுந்தது. முதலை மறுபடி பாய்ந்தது. ஆட்காட்டி மறுபடி ஒரு முழம் தள்ளி விழுந்தது. இப்படியே முழம் முழமாகச் சரளையைத் தாண்டி, காய்ந்த புல்லைத் தாண்டி, பாறை விளிம்புக்கு வந்தார்கள். ஆட்காட்டி விளிம்பில் சிறகை இழுத்துக்கொண்டு முனகியது. முதலை இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு பாய்ச்சல் பாய்ந்தது.

ஆட்காட்டி இரண்டு சிறகையும் விரித்துப் பறந்துவிட்டது. முதலைக்குப் பறக்க எதுவும் இல்லை. வழுவழுப்பான பாறையில் வயிறு பட்டதும் சர்ரென்று வழுக்கியது. நகத்தால் பிடிக்கப் பார்த்தது, பிடிபடவில்லை. சரிவு முழுவதும் சறுக்கிக் கீழே ஆற்றில் போய் விழுந்தது. இனி மழை வந்து ஆறு பொங்கும் வரை அதனால் மேலே வர முடியாது.

பாறை இடுக்கில் இருந்த முள்ளம்பன்றியும் முயலும் இதை முழுவதும் பார்த்தன. முயல் ஓடிப்போய் எல்லாருக்கும் சொன்னது. மரத்தின் உச்சியில் இருந்த ஒருவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆட்காட்டி திரும்பி வந்து மெதுவான குரலில் கூப்பிட்டது. சரளையில் நான்கு கற்கள் எழுந்து நடந்து வந்தன.

வெயில் சாய்ந்த பிறகு கரடி மரத்தை விட்டு இறங்கியது. எல்லாரும் நிழலில் கூடியிருந்தார்கள். கரடி முகத்தைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து தான் ஓர் அதட்டல் போட்டதைக் கேட்டார்களா என்று விசாரித்தது. அந்த அதட்டலில் முதலை மடுவை விட்டே ஓடியிருக்கும், இனி இந்தப் பக்கம் தலைகாட்டாது என்றது.

யாரும் மறுத்துப் பேசவில்லை. கடமான் மட்டும், கொம்பில் இன்னும் புதர் தொங்க, "அப்படியானால் நல்லது. வாருங்கள், முதல் கால் வையுங்கள்" என்றது.

எல்லாரும் மடுக்கரைக்குப் போனார்கள். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. கரடி தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று, முதல் கால் வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை என்று ஆரம்பித்தது.

அன்றைக்கு யாரும் முண்டியடிக்கவில்லை. எல்லாருக்கும் தாகம். காலையிலிருந்து ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. ஆனாலும் அசையாமல் நின்றார்கள். கரடி பிறந்தது, வளர்ந்தது, புலி பாதை மாறியது. சுனை முதலையை மூன்று சுற்றுச் சுற்றி எறிந்தது. யாரும் ஆகா என்று சொல்லவில்லை. கரடி வேறு வழியில்லாமல் இன்னும் மூன்று சுற்றுச் சுற்றியது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. பேச்சு நின்றது. தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

"வையுங்கள்" என்றது கடமான்.

கரடி திரும்பித் தண்ணீரைப் பார்த்தது. நடுமடுவில் கறுப்பாக ஒன்று மிதந்தது.

"அங்கே... அங்கே என்னவோ இருக்கிறது" என்றது.

"அது கட்டை மாமா" என்றது முயல். "நீங்களே சொல்லியிருக்கிறீர்களே."

இந்தத் தடவை அது உண்மையாகவே கட்டைதான். மடுவில் முதலை இல்லை என்பது அங்கே நின்ற கடைசிக் குட்டி வரைக்கும் தெரியும். முதலையைத் துரத்தியவருக்கு மட்டும் தெரியாது.

கரடி ஒரு காலைத் தூக்கியது. நீருக்கு மேலே கொஞ்ச நேரம் அதை வைத்திருந்தது. பிறகு மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டது.

"காலில் முள் குத்தியிருக்கிறது. இல்லாவிட்டால் வைத்திருப்பேன்."

கிளையிலிருந்து மைனா பாடியது. இந்தத் தடவை ஓர் அடியையும் விழுங்கவில்லை.

மலையைத் தூக்கித் தோளில் வைப்பார்,
மழையை அதட்டி நிற்க வைப்பார்,
முள்ளொன்று குத்தினால் மூன்று நாள் படுப்பார்,
எங்கள் டம்பாச்சாரி.

கரடி அண்ணாந்து பார்த்தது.

"இத்தனை நாள் அந்த மூன்றாம் அடி எங்கே போயிருந்தது?"

"வாய் நிறைய அத்திப்பழம் இருந்ததே அண்ணா" என்றது மைனா.

கரடி நொண்டிக்கொண்டே மேற்குமலைப் பக்கம் நடந்தது. முதலில் வலது காலை நொண்டியது. மருத மரத்தைத் தாண்டிய பிறகு இடது காலை நொண்டியது.

அது மறைந்ததும் முள்ளம்பன்றி கடமானிடம் வந்து நின்றது. அன்றைக்கு அதன் குரலில் கேலி இல்லை.

"அண்ணா, அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தினமும் நம் வாயாலேயே சொல்லிக் கூப்பிட்டோம். பிறகு எதற்காக அவரைக் காவலுக்கு வைத்தோம்?"

கடமான் கொம்பில் தொங்கிய புதரை ஒரு கல்லில் தேய்த்து எடுக்கப் பார்த்தது. பிறகு ஆட்காட்டியைத் தேடிப் போய், அதன் முன்னால் தலையைக் குனிந்தது. புதரை எடுத்துவிடச் சொல்வதற்காகவா, வேறு காரணத்துக்காகவா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்காட்டி புதரை அலகால் கொத்தி எடுத்துப் போட்டது.

அதன் பிறகு ஆட்காட்டி தண்ணீரில் இறங்கியது. கால் மறையும் ஆழம் வரை நடந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. குஞ்சுகள் நான்கும் பின்னாலேயே வரிசையாக வந்து ஓரத்தில் நின்றன.

"வரலாம்" என்றது.

எல்லாரும் குனிந்து குடித்தார்கள். பாதிக் குடிக்கும்போது எங்கிருந்தோ ஒரு மருத இலை மிதந்து வந்தது. ஆட்காட்டி உயிர் போவது போலக் கத்தியது. கடமான் உட்பட எல்லாரும் சட்டென்று தலையைத் தூக்கித் தண்ணீரைப் பார்த்தார்கள்.

இலைதான். மறுபடி குனிந்து குடித்தார்கள்.

நீதி: வெறும் வாய்வீச்சுக்காரன் என்று தெரிந்தே ஒருவனிடம் காவலைக் கொடுத்தால், அதனால் வரும் கேட்டுக்குக் கொடுத்தவர்களே பொறுப்பு.